சுண்ணாம்புக் குறி வைத்த பலாப் பலகை

என் அன்பான அத்தைக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள், நானும் நினைத்ததில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே அறைக் காம்பராவில் இருந்தோம். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? ஆனால் யோசித்துப் பார்த்தால், நேருக்கு நேர் முகம் பார்த்து நாம் பேசிய பேச்சு மிகவும் குறைவு. அதனால் இப்படி எழுதுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை என்றுதான் படுகிறது.

மருமகன் முன்னால் மாமியார் நின்று பேசக் கூடாது என்ற வழக்கத்தை எங்கள் தோட்டத்தில் எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். நீங்கள் விடவில்லை. கட்டிலும் அடுப்பும் போனால் மிச்சம் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் அந்தக் காம்பராவில். எங்கே போய் மறைவது? சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். "விஜி, ஒம் புருசனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்று சுவரிடம் சொல்வீர்கள். "போதும்னு சொல்லு" என்று நானும் சுவருக்குத்தான் பதில் சொல்வேன். உங்கள் மகள் நடுவில் உட்கார்ந்து சிரிப்பாள்.

என் த்ரீவீலில் ஏறினால் மட்டும் கதை வேறு. நான் முன்னால், நீங்கள் பின்னால். என் முதுகுதான் உங்களுக்குத் தெரியும். முதல் நாளே கையை நீட்டிக் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துவிட்டீர்கள், உங்கள் முகம் எனக்குத் தெரியக் கூடாது என்று. அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை. தோட்டத்திலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வந்து, அங்கிருந்து கினிகத்தேனை போய்ச் சேரும்வரை நீங்கள் பேசியதை எல்லாம் என் முதுகுதான் கேட்டது. தோட்டத்தை நடத்துகிற துரையைப் பற்றி, காவல் நிற்கிற வாச்சரைப் பற்றி, பக்கத்துக் காம்பராக்காரியின் கோழியைப் பற்றி, சின்ன வயதில் செத்துப்போன உங்கள் புருஷனைப் பற்றி. எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது அத்தை. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் வெட்கப்பட்டு அடுத்த முறை பஸ்ஸில் போயிருப்பீர்கள்.

மரம் அறுத்து விற்கிற அந்த மரக்காலைக்கு முதலில் போன நாள் நினைவிருக்கிறதா? அரிவாள்மனையின் கட்டை வெடித்துவிட்டது, ஒரு துண்டு மரம் வேண்டும் என்றீர்கள். கினிகத்தேனை பஜாருக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரமாகப் பெரிய தகரக் கொட்டகை. கூரைக்குப் போடுகிற சவுக்கும் பைனஸும் அங்கே கிடையாது. நல்ல மரம் மட்டும்தான் வைப்பார் அந்தச் சிங்கள முதலாளி. தேக்கு, முதிரை, மருது, மகோகனி, பலா என்று வகை வகையாக, சுவரில் சாய்த்து நிறுத்திய பலகைகள். நான் வாசலில் நின்று கட்டைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணோம்.

உள்ளே, மரத்தூள் கணுக்கால்வரை கிடந்த இடத்தில், ஒரு தேக்குப் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றீர்கள். கண் மூடியிருந்தது. நான் பதறிப்போனேன், மயக்கமோ என்று. "மாப்புள, இங்க வந்து மோந்து பாருங்க" என்றீர்கள். என்னைப் பார்த்தே சொன்னீர்கள். கல்யாணமாகி அத்தனை காலத்தில் முதல் தடவையாக உங்கள் கண்ணை நான் அப்போதுதான் பார்த்தேன். விஜியின் கண்தான்.

"எண்ண போத்தல தொறந்த மாதிரி இல்ல? இந்தா, இது முதிரையாம். தொட்டுப் பாருங்க, பொடவ மாதிரி வழுக்குது."

நானும் மோந்து பார்த்தேன், தொட்டும் பார்த்தேன். கட்டை வாங்க வந்தவர்கள் கட்டையை மறந்துவிட்டோம். நீங்கள் ஒவ்வொரு பலகையாக நின்று நின்று போனீர்கள். ரேகை சரியாகத் தெரியவில்லை என்று விரலை வாயில் வைத்து எச்சில் தொட்டு ஒரு மகோகனியில் இழுத்தீர்கள் பாருங்கள், வெற்றிலைச் சிவப்பு ஒரு சாண் நீளத்துக்கு. முதலாளி உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அம்மே, எப்பா, வேணாம்! வெத்தில எப்பா! பலக கெட்டுப் போகும்!"

கோபப்படுவார் என்று நான் பயந்தேன். நீங்கள் பயப்படவில்லை. "பலக கெட்டுப்போகாது மொதலாளி, செவப்புக்குச் செவப்பு சேந்துரும்" என்றீர்கள். அவருக்கு நம் தமிழ் பாதிதான் புரியும். அவர் சிரித்துவிட்டு ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து, பலகையில் கொஞ்சம் தெளித்து, உள்ளங்கையால் தடவிக் காட்டினார். வெளிறிக் கிடந்த பலகை சட்டென்று இருண்டு, உள்ளே இருந்த ரேகையெல்லாம் மேலே வந்தது. "அடி ஆத்தி" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் போத்தல் உங்களுக்கென்றே கொட்டகைத் தூணில் தொங்கியது.

அன்றிலிருந்து சம்பளம் போட்ட மறுவாரம் மரக்காலைக்குப் போவது என்று ஆகிவிட்டது. சனங்கள் கோயிலுக்குப் போவார்கள், படத்துக்குப் போவார்கள். நாம் பலகை பார்க்கப் போனோம். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு நீங்கள் உள்ளே போவீர்கள். நான் பின்னால் வருவேன். தண்ணீர் தெளித்து, தடவி, மோந்து, அடுத்தது. போன மாதம் நின்ற பலகை இந்த மாதம் இல்லாவிட்டால் முகம் வாடும். "அந்த மருது போயிருச்சே மாப்புள, எந்த ஊட்டுக்குப் போச்சோ" என்பீர்கள், கட்டிக்கொடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிறமாதிரி. புதிதாக வந்திருந்தால் ஒரு கை வைத்துச் சும்மா நிற்பீர்கள். அந்தக் கொட்டகைக்குள் உங்கள் நடையே மாறிவிடும். மலையில் முதுகு வளைத்து நடக்கிற நடை இல்லை அது.

எனக்கு முதலில் இது கிறுக்காகத்தான் பட்டது. அப்புறம்தான் விளங்கியது. பிறந்ததிலிருந்து மரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறோம். சவுக்கு, டர்பன்டைன், தூனா, எத்தனை மரம்! ஒரு கொப்பு வெட்ட நமக்கு உரிமை கிடையாது. காற்றில் விழுந்த கிளையை அடுப்புக்குத் தூக்கினாலும் வாச்சர் வந்து பெயர் கேட்பான், நம்பர் கேட்பான். இந்தக் கடையில் எந்த மரத்தையும் தொடலாம், யாரும் பெயர் கேட்கவில்லை. அதுதானே அத்தை உங்களை அங்கே இழுத்தது? நீங்கள் சொன்னதில்லை. நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு அந்தப் பலா வந்தது. எங்கோ ஒரு பழைய வீட்டு வளவில் நின்ற மரமாம். ஒரே பலகையில் ஒரு கதவு இறங்குகிற அகலம், நல்ல தடிப்பு. தண்ணீர் தெளித்ததும் தேன் நிறத்தில் பளிச்சென்று எழுந்தது. நீங்கள் போத்தலைக் கீழே வைத்துவிட்டீர்கள். "இது எனக்கு வேணும்" என்றீர்கள், மெதுவாக, யாரிடமும் இல்லை. அதுவரை அந்தக் கடையில் நீங்கள் சொல்லாத வார்த்தை.

திரும்பி வரும்போது என் முதுகுக்குச் சொன்னீர்கள், ஏன் வேண்டும் என்று. எங்கள் காம்பராவுக்குக் கதவு என்று இருப்பது பெட்டிப் பலகையில் அடித்த தகரம். சாத்தினால் மூன்று விரல் நுழைகிற சந்து இருக்கும். தாழ்ப்பாள் கிடையாது, கயிறுதான். விஜி பெரியவளான வருஷம், லயத்தில் குடித்துவிட்டு யாரோ அந்தத் தகரத்தைத் தள்ளிப் பார்த்தான் என்றீர்கள். அதற்குப் பிறகு அம்மிக் கல்லை உருட்டிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேலேயே உட்கார்ந்து தூங்கியிருக்கிறீர்கள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. விஜியைக் கட்டிக்கொடுக்கும்வரை என்று நீங்களே சொன்னீர்கள்.

"கதவுன்னா சாத்துனா சாத்தணும் மாப்புள. வேறென்ன கேட்டேன் நான்? புது வீடு வரும்ல, அதுக்கு இந்தப் பலகைதான் வாசக் கதவு."

புது வீடு! மைதானத்துக்கு மேலே காணியும் வீடும் தருகிறோம் என்று அரசாங்கத்துக்காரர்கள் அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார்களே, மாலை போட்டு, மேளம் அடித்து. நீங்கள் முன்வரிசையில் நின்று, வாசல் எந்தப் பக்கம் வரும் என்று வந்தவர்களைக் கேட்டீர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்கள். நீங்கள் அதை நம்பினீர்கள். நானும் நம்பினேன். விஜி மட்டும்தான் நம்பவில்லை.

உங்கள் சீட்டு விழுந்ததும் பலகை உங்களுடையதாயிற்று. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. லயத்தில் நனையும் என்பது ஒன்று. இன்னொன்று, அப்படியொரு பலகையைத் தோட்டத்துக்குள் கொண்டுபோனால் எங்கே மரம் வெட்டினாய் என்றுதான் முதல் கேள்வி வரும். காசு கொடுத்து வாங்கினோம் என்றால் யார் நம்புவான்? லயத்துக்காரனுக்கு எதற்குப் பலா என்பார்கள். அதனால் கடையிலேயே இருக்கட்டும் என்று முதலாளி பின்சுவரில் ஒதுக்கி வைத்தார். பெயர் எழுதட்டுமா என்று கேட்டார். நீங்கள் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, விரலில் சுண்ணாம்பெடுத்து, பலகையின் தடிப்பான ஓரத்தில் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தீர்கள். "இது போதும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் போய் அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தீர்கள். எங்கே போகப்போகிறது அது? நான் கேலி செய்வேன். "மாமியா மருமகன சந்தேகப்படலாம், பலகைய சந்தேகப்படக் கூடாது" என்பேன். பின்னாலிருந்து ஒரு அடி விழும் தோளில்.

அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்குத் தெரியாததும் அதில் இல்லை. ஆனாலும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

மேல்மலையில் டர்பன்டைன் மரத்தில் குளவிக் கூடு தொங்குவது எல்லோருக்கும் தெரியும். சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லியும் இருந்தீர்கள். அன்றைக்குக் கூடு கலைந்தது எதனால் என்று இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கழுகு அடித்தது என்கிறார்கள், காற்று என்கிறார்கள். மற்றவர்கள் கொழுந்துப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். உங்கள் தலையில் மாட்டியிருந்த பைக் கயிறு சிக்கிக்கொண்டது. குளவி மொய்த்துக் கொட்ட, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கிடந்தீர்கள். தோட்டத்து வண்டி ஊரில் இல்லை. விஜி போனில் என்னைக் கூப்பிட்டாள், "அம்மா, அம்மா" என்று மட்டும்.

பின்சீட்டில் விஜியின் மடியில் தலை வைத்துக் கிடந்தீர்கள். எனக்கு உங்கள் முகம் தெரியவில்லை. கண்ணாடி நீங்கள் திருப்பி வைத்தபடியே இருந்தது. அதை நான் தொடவில்லை. நோட்டன் பிரிட்ஜ் தாண்டியபோது முனகல் இருந்தது. கினிகத்தேனை வரும்போது அதுவும் குறைந்துவிட்டது. மரக்காலையில் வாள் ஓடுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. அப்போதுதான் பேசினீர்கள்.

"கட தொறந்திருக்கா மாப்புள?"

"தொறந்திருக்கு அத்தை."

"வாறப்ப நிப்பாட்டுங்க. பாத்துட்டுப் போவோம்."

"சரி அத்தை."

அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஆக வேண்டியதைப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. என்னிடம் நீங்கள் கடைசியாகச் சொன்னது ஒரு மரக்கடையைப் பற்றி. வேறு யாராவது கேட்டால் இதென்ன கடைசி வார்த்தை என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வார்த்தை வேண்டியதில்லை.

மறுநாள் வேனில் உங்களைக் கொண்டுவந்தோம். தோட்டம் தந்த பெட்டி. விஜி ஏறியதும் பெட்டியின் அடியை விரலால் அழுத்திப் பார்த்தாள். அட்டை மாதிரி உள்ளே போய் வந்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன். மரக்காலை வந்ததும் வேனை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் முறைத்தான், பிணத்தோடு எங்கே நிறுத்துவது என்று. நிறுத்தச் சொன்னவரே உள்ளேதான் இருக்கிறார் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் நிறுத்தினான்.

முதலாளி எட்டிப் பார்த்தார். எப்போதும்போல உங்களைத் தேடினார், த்ரீவீல் எங்கே என்று தேடினார். வேனுக்குள் பெட்டியைப் பார்த்ததும் திரும்பி ஓடிப்போய் வாளை நிறுத்தினார். கொட்டகை முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. "அனே அம்மே, ஐயோ அம்மா" என்றார், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

விஜி இறங்கி நேராகப் பின்சுவருக்குப் போனாள். சுண்ணாம்புக் குறியைத் தடவிப் பார்த்தாள்.

"இத அறுக்கச் சொல்லுங்க. அம்மாவுக்குப் பொட்டி அடிக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "விஜி, இது கதவு. அத்தை கதவுக்குன்னு வாங்குனது. வீடு வந்தா..."

"வீடு வராதுங்க." சத்தமே இல்லாமல் சொன்னாள். "எங்கம்மா வயசான காலத்துலயும் காத்துக்கிட்டு இருந்துச்சு. வரல. இனி அதுக்கு இதுதான் வீடு. அந்த அட்டப் பொட்டியிலயா படுக்க வைப்பீங்க?"

"அப்ப வாசக் கதவு?"

"யாரு வாசலுக்கு?"

அவள் சொன்னதும் நியாயம்தான், நான் சொன்னதும் நியாயம்தான். ஒருமுறை பெட்டிக்கு அறுத்துவிட்டால் அது திரும்பவும் கதவாகாது. வெளியே நீங்கள் காத்துக்கிடந்தீர்கள். உங்களிடம் கேட்கத்தான் எனக்குத் தோன்றியது. இவ்வளவு காலம் எனக்கும் விஜிக்கும் நடுவில் ஏதாவது என்றால் சுவரைப் பார்த்துக்கொண்டே நீங்கள்தானே தீர்த்துவைத்தீர்கள்? அன்றைக்கு எந்தச் சுவரிடம் போய்க் கேட்பது?

முதலாளிக்கு எங்கள் சண்டை முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் பலகையையும் பார்த்தார், வேனையும் பார்த்தார். பலகையின் ஓரத்தில், உங்கள் குறிக்கு நடுவில், விரலை மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினார்.

"தடிப்பு நல்லா இருக்கு தம்பி. நடுவுல பொளந்தா ரெண்டு பலக. அம்மாவுக்கு ஒண்ணு. வீட்டுக்கு ஒண்ணு. ஹரித, சரியா?"

விஜி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "ஹரி" என்றேன்.

வாள் மறுபடி ஓடியது. நான் எத்தனையோ முறை அந்தச் சத்தத்தை உங்களோடு ஆசையாகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பலகை இரண்டாக விரிந்தபோது உள்ளே இருந்த ரேகை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது. ஒரு கணு இருந்தால் அதற்கு நேரே மற்றதிலும் அதே கணு. யாரும் பார்த்திராத மஞ்சள், அத்தை. காற்றுப் படாத பலா அப்படித்தான் இருக்குமாம். நீங்கள் பார்த்திருந்தால் கன்னத்தை வைத்திருப்பீர்கள். உங்கள் சுண்ணாம்புக் குறியும் நடுவில் பிளந்து இதில் பாதி, அதில் பாதி.

விஜி தூணிலிருந்து போத்தலை எடுத்து ஒரு பலகையில் தண்ணீர் தெளித்து உங்களைப் போலவே உள்ளங்கையால் தடவினாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதாள். முதலாளி அறுத்த கூலி வாங்கவில்லை.

ஒரு பாதியைப் பெட்டிக்கு அளவாகக் குறைத்து அடியில் போட்டு, அதன்மேல் உங்களைக் கிடத்தினோம். நீங்கள் இப்போது அதன்மேல்தான் படுத்திருக்கிறீர்கள். மறுபாதி மரக்காலைப் பின்சுவரில் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இனி இங்கத்தைய கதை. மேல்மலையில் குளவி மறுபடி கூடு கட்டிவிட்டது, அதே மரத்தில். உங்களுக்குப் பிறகு தோட்டம் செய்த ஒரே காரியம், 'குளவி அவதானம்' என்று எழுதி ஒரு போர்டு நட்டது. குளவிக்கா, நமக்கா என்று தெரியவில்லை. அதுவும் சவுக்குப் பலகை. நீங்கள் பார்த்தால் மூக்கைச் சுளிப்பீர்கள். ஒரு மழைக்கே வளைந்துவிட்டது. விஜி போன மாதம் வரைக்கும் அந்த மலையில்தான் கொழுந்து எடுத்தாள், அண்ணாந்து பார்த்துப் பார்த்து. எனக்குப் போன் அடித்தால் த்ரீவீலை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன். அடிக்கல் மானாப் புல்லுக்குள் மறைந்துவிட்டது. ஆடு கட்டுவதற்கு யாரோ பக்கத்தில் முளை அடித்திருக்கிறார்கள்.

ஆம், போன மாதம் வரைக்கும் என்றேன். இப்போது விஜி வேலைக்குப் போவதில்லை. மாசமாக இருக்கிறாள், நிறைமாதம். இந்த நல்ல சேதியைக் கடிதத்தின் தலையிலேயே போட்டிருக்க வேண்டும். எனக்கு எழுத்து அப்படி ஒழுங்காக வரவில்லை, மன்னியுங்கள். பெண்ணாக இருக்கும் என்கிறாள். எப்படித் தெரியும் என்றால் அம்மா மாதிரியே உதைக்கிறது என்கிறாள்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அந்தச் சேதிக்காக இல்லை. போன வாரம் ஒரு ஹயர் சவாரி முடிந்து பிந்தி வந்தேன். தகரக் கதவைத் தள்ளினேன், வரவில்லை. உள்ளே கல் உருளுகிற சத்தம் கேட்டது. விஜி, அந்த வயிற்றோடு, அம்மியை உருட்டிக் கதவைத் திறந்தாள். நான் ராத்திரி ஹயர் போகிற நாளெல்லாம் அதை உருட்டி முட்டுக்கொடுக்கிறாளாம். என்னிடம் சொன்னதில்லை. "அம்மா வச்ச மாதிரி வச்சேன்" என்றாள், ஏதோ கோலம் போட்டதைச் சொல்வதைப்போல.

நான் அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன் அத்தை. அவ்வளவு ஆத்திரம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. துரை மேலா, அடிக்கல் நாட்டியவன் மேலா, அந்தப் பாதிப் பலகையை வீடு வரட்டும் வீடு வரட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்திருக்கிற என் மேலா? நீங்கள் காத்திருந்தீர்கள், குளவி காத்திருக்கவில்லை. இன்னும் நாங்கள் காத்திருந்தால் என் மகளும் ஒரு நாள் அந்த அம்மியை உருட்டுவாள்.

விஜியிடம் சொன்னேன், பலகையைக் கொண்டுவந்து லயத்துக்கே மாட்டப் போகிறேன் என்று. வாச்சர் வருவான், துரையிடம் போகும், தோட்டத்துக் கட்டடத்தில் கைவைத்தாய் என்பார்கள் என்றும் சொன்னேன். அவள் அம்மியைப் பழைய இடத்துக்கு உருட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வரட்டும். கதவத் தட்டிட்டு வரச் சொல்லுங்க."

உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

முதலாளியிடம் பேசிவிட்டேன். பலகை காய்ந்து நன்றாக இருக்கிறதாம், நிறம் இறங்கிப் பழுப்பாகிவிட்டதாம். நிலைச் சட்டத்துக்கு வேறு பலாத் துண்டு தருகிறேன் என்றார். தாழ்ப்பாள் நான் வாங்கிவிட்டேன், இரும்பில், கை நீளத்துக்கு. உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு முன்னால் மாட்டிவிடுவேன். ஒளித்து மறைத்து இல்லை. பட்டப்பகலில், த்ரீவீல் கூரைமேல் கட்டி, சுண்ணாம்புக் குறி வெளியே தெரிகிறமாதிரி வைத்து, மைதானத்து அடிக்கல்லைத் தாண்டித்தான் கொண்டுவருவேன். புறப்படும்போது கண்ணாடியை நீங்கள் வைத்தபடியே விட்டுவிடுவேன். பின்சீட்டில் யாரும் இல்லை என்று நான் ஏன் பார்க்க வேண்டும்?

கதவு மாட்டிய அன்றைக்கு அம்மியை அடுப்போரம் நகர்த்தி, அதில் விஜிக்கு நானே மிளகாய் அரைத்துக் கொடுப்பேன். அதற்குப் பிறகு அந்தக் கல் கதவுப் பக்கம் வராது. சாத்தினால் சாத்தும், அத்தை. உள்ளே உங்கள் மகளும் பேத்தியும் படுத்துத் தூங்குவார்கள், படுத்தே தூங்குவார்கள். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்களுக்கு முதுகைக் காட்டியே பேசிப் பழகிய,
உங்கள் மருமகன்
சந்திரன்